டர்பனில் மறுபடி காலூன்ற: எந்த வாசல் கைகொடுக்கும், எது காக்க வைக்கும்

வேலை போய் வாடகை கட்ட முடியாமல் நிற்பவர்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள், அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியே வந்த பெண்கள், ‘சுகர்ஸ்’ என்ற போதைப்பொருள் பழக்கத்தை விட்டுவிட்டு மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்புகிறவர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இவர்கள் யாரும் அந்நியர்கள் அல்ல. இவர்கள் ஏறி இறங்க வேண்டிய அரசு வாசல்கள் நான்கு: அடையாள அட்டை தரும் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை), கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையைக் கொடுக்கும் சாசா, வாடகை வீட்டுத் தீர்ப்பாயம், மாகாண வீட்டு வசதித் துறை. இந்த நான்கையும் எடைபோடும் மதிப்புரை இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சாசா பணம் தாமதமானாலும் வந்து சேரும், அதை நம்பலாம். இலவச வீட்டை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது. நான்கிலும் சிறந்த சேவை வாடகைத் தீர்ப்பாயம்தான், ஆனால் நம் ஆட்களில் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களே அதிகம். புது வீட்டுக்காக அலைவதைவிட, இருக்கிற கூரையை விடாமல் பிடித்துக்கொள்வது பல மடங்கு எளிது. அதற்குச் சட்டம் துணை நிற்கிறது. இது தெரியாமல், வீட்டுக்காரர் கத்திய அன்றே மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

எங்கே போவதானாலும் அடையாள அட்டை இல்லாமல் காரியம் நடக்காது, அதனால் ஹோம் அஃபேர்ஸிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் தடவை எடுக்கும் ஸ்மார்ட் கார்டு இலவசம். தொலைந்துபோனால் மறு அட்டைக்கு 140 ரேண்ட், அட்டை வரும்வரை கையில் வைத்துக்கொள்ளும் தற்காலிகச் சான்றுக்கு 70 ரேண்ட். பணம் பெரிய தடையில்லை. வேலை நின்றுபோவது பெயரில்தான். நம் முன்னோர் தோட்டக் கூலிகளாக வந்திறங்கி, கப்பல் பட்டியல் எழுதிய காலத்தில் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவை. தாத்தாவின் பெயரான முனுசாமி குடும்பப் பெயராகி, அண்ணனுக்கு ஒரு எழுத்துக்கூட்டலும் தம்பிக்கு வேறொன்றும் இருக்கும். பிள்ளை என்ற பெயரின் கடைசி எழுத்து ஒரு சான்றிதழில் ‘ஐ’, இன்னொன்றில் ‘ஒய்’. நாயுடு ஒன்றில் ‘யு’வில் முடியும், இன்னொன்றில் இரண்டு ‘ஓ’வில். வீட்டில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது. கணினிக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் முதலில் ஹோம் அஃபேர்ஸ் பதிவைத் திருத்துங்கள், வங்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் இரண்டு வேலையாகும்.

இன்னொரு சிக்கல் திருமணம். கோவிலில் தாலி கட்டி ஐம்பது வருடம் வாழ்ந்த ஆயாக்கள் பலர் அரசுப் பதிவில் இன்னும் ‘மணமாகாதவர்’. திருமணம் நடத்தியவர் அரசு அங்கீகாரம் பெற்ற மேரேஜ் ஆஃபீசராக இல்லாமல் போயிருந்தால் அந்தக் கல்யாணம் பதிவேட்டில் ஏறியிருக்காது. சாசாவில் திருமண நிலைக்குச் சான்று கேட்கும்போது, போலீஸ் நிலையத்தில் இலவசமாக எடுத்துத் தரும் அஃபிடவிட்டில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். வீட்டு விஷயத்தில் இது இன்னும் முக்கியம். தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், பதிவு இல்லாத மனைவிக்கு வீட்டில் பங்கில்லை என்று உறவினர்கள் கிளம்புவார்கள். அது சரியல்ல. இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைச் சொல்லிக் கேளுங்கள், வீட்டைக் காலி செய்து கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து சாசா. எந்த கிராண்டுக்கும் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. படிவம் பூர்த்தி செய்து தருகிறேன் என்று அலுவலக வாசலில் காசு கேட்பவர்களிடம் நிற்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் அலுவலரே பூர்த்தி செய்ய வேண்டும், அது அவர் வேலை. எடுத்துப்போக வேண்டியவை: அடையாள அட்டை, முகவரிச் சான்று, திருமண நிலைச் சான்று, கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், வருமானம், தனியார் பென்ஷன், சொத்து இருந்தால் அவற்றின் விவரம். குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ‘எனக்கு வீடு இருக்கிறதே, கிராண்ட் கொடுக்க மாட்டார்கள்’ என்று ஒதுங்கி இருக்கும் முதியவர்கள் போய்க் கேட்கலாம்.

விண்ணப்பம் கொடுத்ததும் தேதியும் அலுவலர் பெயரும் உள்ள ரசீது தருவார்கள். இந்தத் துண்டுக் காகிதத்தின் விலை பலருக்குத் தெரிவதில்லை. முடிவு சொல்ல 30 வேலை நாள் வரை ஆகலாம், பணம் கைக்கு வர மூன்று மாதம்கூட ஆகலாம். ஆனால் கிராண்ட் கணக்கு விண்ணப்பித்த தேதியிலிருந்தே தொடங்கும், விட்டுப்போன மாதங்கள் சேர்ந்து வரும். ரசீதைத் தொலைத்தால் எந்தத் தேதி என்பதே வாய்ச்சண்டையாகிவிடும். மடிக்காமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ‘இந்தச் சான்று இல்லை, அடுத்த வாரம் வா’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், இருப்பதை வைத்து விண்ணப்பத்தை இன்றே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். மீதியை அஃபிடவிட்டோடு பிறகு சேர்க்கலாம். ஒரு வாரம் தள்ளினால் ஒரு வாரக் கணக்கு போகிறது.

2025 ஏப்ரல் நிலவரப்படி முதியோர் கிராண்டும் ஊனமுற்றோர் கிராண்டும் மாதம் 2,315 ரேண்ட், 75 வயதைத் தாண்டியவர்களுக்கு இருபது ரேண்ட் கூடுதல். பிள்ளை கிராண்ட் 560, வளர்ப்புப் பிள்ளைக்கு 1,250. வளர்ப்புப் பிள்ளை கிராண்டுக்குச் சிறார் நீதிமன்ற ஆணை வேண்டும். பேரன் பேத்தியைச் சும்மா வளர்க்கும் ஆயாவிடம் அந்த ஆணை இருக்காது என்பதால் பிள்ளை கிராண்டோடு நின்றுவிடுகிறது. நம் ஆட்கள் கேட்காமலே விட்டுவிடுவது ‘கிராண்ட் இன் எய்ட்’. முதியோர் அல்லது ஊனமுற்றோர் கிராண்ட் வாங்குகிறவருக்கு நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலை என்றால், அதன் மேல் இன்னும் ஒரு தொகை கிடைக்கும், 2025 ஏப்ரலில் அது 560 ரேண்ட். பக்கவாதத்தில் படுத்திருக்கும் தாத்தாவுக்காக மகள் வேலையை விட்டிருக்கும் வீட்டில் இந்தப் பணம் இல்லாமல் இருப்பது பெரிய அநியாயம். டாக்டர் எழுதித் தர வேண்டும். தாத்தாவால் வர முடியாது என்றால், அவர் எழுதிக் கொடுத்த கடிதமும் டாக்டர் சீட்டும் எடுத்துக்கொண்டு மகளே போகலாம்.

ஊனமுற்றோர் கிராண்டில் ஒரு கவனம். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தற்காலிகமாகக் கொடுத்தால் 6 முதல் 12 மாதத்தில் தானாக நின்றுவிடும், யாரும் நினைவூட்ட மாட்டார்கள். முடிய மூன்று மாதம் இருக்கும்போதே டாக்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.

‘எஸ்ஆர்டி’ (இடர்க்கால உதவி) என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான். ஒன்று 2020இல் கொரோனா காலத்தில் 350 ரேண்டாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் 370 ஆன பணம். 18 முதல் 59 வயதுவரை வருமானம் இல்லாதவர்களுக்கு, போனிலேயே விண்ணப்பிப்பது. மாதாமாதம் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள், 624 ரேண்டுக்கு மேல் வந்திருந்தால் அந்த மாதம் கிடையாது. அக்கா மருந்துக்கு அனுப்பிய பணம்கூட வருமானமாகத் தெரியும். மற்றொன்று பழையது: வீட்டில் சம்பாதித்தவர் இறந்துவிட்டாலோ, சிறைக்குப் போய்விட்டாலோ, வெள்ளம் தீ என்று ஏதாவது வந்தாலோ, கிராண்ட் விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலோ, மூன்று மாதத்துக்குக் கொடுக்கும் உதவி. தேவைப்பட்டால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். கிராண்டுக்கு எழுதிக் கொடுக்கும் அன்றே, அதே அலுவலகத்தில் இந்தப் பழைய உதவியையும் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சாசாவுக்குக் குறைக்கும் மதிப்பெண் இதற்குத்தான்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தொடர்ந்து மூன்று மாதம் எடுக்காமல் விட்டாலும் கிராண்ட் நின்றுபோகும். இந்தியாவுக்குக் கோவில் சுற்றப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் கிளம்பும் முன் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அரசு நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்ந்தால் நான்காவது மாதத்திலிருந்து கிராண்ட் கால் பங்காகக் குறையும், வெளியே வந்த நாளிலிருந்து முழுசாகத் திரும்பும். சந்தேகம் என்றால் 0800 60 10 11, இலவச அழைப்பு. படிவங்களில் தமிழ் கிடையாது. அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, கவுண்டரில் அது வந்து உதவாது. ஆங்கிலம் சரளமாக வராத ஆயாவோடு வயது வந்த ஒருவர் போவது நல்லது. பேரனை அனுப்பினால் கணவரைப் பற்றியும் கடனைப் பற்றியும் அவன் முன்னால் ஆயா வாய் திறக்க மாட்டார்.

வந்த பணத்தைக் காப்பது தனி வேலை. ‘மஷோனிசா’ என்று கூப்பிடும் வட்டிக்காரர்கள் கடனுக்கு ஈடாக கிராண்ட் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாதம் ஒன்று பிறந்ததும் அவரே போய் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி கார்டையோ பின் நம்பரையோ அடையாள அட்டையையோ பிடித்து வைப்பது குற்றம். கடன் உண்மையாகவே இருந்தாலும் குற்றம்தான். சண்டை போட வேண்டாம். பழைய கார்டை ரத்து செய்து புதுக் கார்டு வாங்கினால் அவர் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். மிரட்டினால் போலீஸ்.

இனி கூரை. சாட்ஸ்வர்த்தில் பாதிப் பேச்சு ‘அவுட்பில்டிங்’ பற்றித்தான்: பின்கட்டில் ஒரு அறை, ஒரு குழாய், மின்சாரம் வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து. ஒப்பந்தம் வாய்ப்பேச்சு, ரசீது கிடையாது. இந்த ஏற்பாட்டில் இருக்கிறவர்கள் தங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்று நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும், கேட்டால் வீட்டுக்காரர் அதை எழுதித் தர வேண்டும், வாங்கும் ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது தர வேண்டும். டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட வேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. குடிபோகும் முன்னும் காலி செய்யும்போதும் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். சேதம் இல்லை என்றால் 7 நாளில் டெபாசிட் திரும்ப வேண்டும். சேதம் இருந்தால் பழுது பார்த்து, செலவு ரசீதைக் காட்டி, மீதியை 14 நாளில். காலி செய்யும்போது பார்வையிட வராமல் போய்விட்டால் 21 நாள்வரை இழுக்கும், அதனால் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடாதீர்கள்.

தகராறு என்றால் தீர்ப்பாயம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, குடியுரிமையும் கேட்பதில்லை. வேலை விசாவில் வந்து தங்கியிருக்கும் தமிழ்நாட்டு, இலங்கைத் தமிழர்களுக்கும் திறந்த கதவு இது. படிவத்தோடு ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல், வாடகை கட்டிய சாட்சி, கசிவோ உடைப்போ இருந்தால் படங்கள், வீட்டுக்காரரின் பெயர் முகவரி. வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கட்டி, குறிப்பில் மாதத்தையும் அறையையும் எழுதினால் அதுவே சாட்சி. புகார் பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம்வரை, எது முந்தியதோ அதுவரை வீட்டுக்காரர் வெளியேற்றக் கூடாது. அதே காலத்தில் நீங்கள் வாடகையை நிறுத்தவும் கூடாது. ‘கூரை ஒழுகுகிறது, சரி செய்யும்வரை கட்ட மாட்டேன்’ என்று தானாக நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் ஜெயிக்க வேண்டிய வழக்கைத் தோற்கிறார்கள். வேலை போய்க் கட்டவே முடியாத நிலை என்றால், எவ்வளவு முடியுமோ அதைக் கட்டிக்கொண்டு, எழுத்தில் தவணை கேட்டுவிட்டு, பிறகு புகார் கொடுங்கள்.

விளக்கை அணைப்பது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது மூன்றும் நீதிமன்ற ஆணை இல்லாமல் சட்ட விரோதம். சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் ‘பை’ (PIE) சட்டப்படி வெளியேற்றும் வழக்கு நடக்கும் தேதிக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸ் வந்தால் பயந்து ஓடுவதில் பயனில்லை. நீதிமன்றத்துக்குப் போய் வீட்டில் முதியவர் இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள், குடும்பத்தை நடத்துவது பெண் என்று சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் நீதிபதி கணக்கில் எடுக்கச் சட்டமே சொல்கிறது. போகாதவருக்காக இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஏழைகளுக்கு வக்கீல் உதவி தரும் லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110. சாட்ஸ்வர்த்தின் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் பகுதி நகராட்சி பிளாட்டுகளில் 1990களின் கடைசியில் வெளியேற்றத்தை எதிர்த்து நின்ற குடும்பங்கள் இந்தப் பாடத்தை ஊருக்கே காட்டியவர்கள்.

அடிக்குப் பயந்து வெளியே வரும் பெண்களுக்கு வீடு தேடும் முன் தெரிய வேண்டியது: மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிப்பது இலவசம். அந்த ஆணையிலேயே, அடித்தவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்றும், வாடகையையோ வீட்டுக் கடனையோ அவரே கட்ட வேண்டும் என்றும் கேட்கலாம். விண்ணப்பத்தில் இதைத் தனியாக எழுத வேண்டும், எழுதாவிட்டால் வராது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி எண், இரவோ பகலோ, 0800 428 428. தெருவுக்கே வந்துவிட்டவர்களுக்கு டர்பன் நகருக்குள் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கத்தில், இம்மானுவேல் கதீட்ரலை ஒட்டிய டெனிஸ் ஹர்லி சென்டர் இருக்கிறது. சூடான சாப்பாடும் கிளினிக்கும் அங்கே கிடைக்கும். மதம் இனம் பார்ப்பதில்லை.

கடைசி வாசல் வீட்டு வசதித் துறை, நான்கில் மிகக் குறைந்த மதிப்பெண் இதற்கு. இலவச வீட்டுக்குக் குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். மணமானவராகவோ, யாரையாவது தாங்குகிறவராகவோ இருக்க வேண்டும். முன்பு வீடும் அரசு மானியமும் வாங்கியிருக்கக் கூடாது. தனியாக வாழும் முதியவர், ஊனமுற்றவர் கேட்கலாம். பதிவேட்டில் பெயர் ஏற்றுவது டோக்கன் வாங்குவது போல இல்லை. எந்த இடத்தில் திட்டம் வருகிறதோ அங்கே ஒதுக்குவார்கள், ஆண்டுகள் ஓடும். முகவரியும் போன் நம்பரும் மாறும்போதெல்லாம் போய்ப் புதுப்பிக்காவிட்டால் பெயர் வந்தாலும் ஆள் கிடைக்கவில்லை என்று போய்விடும். ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர் மோசடிக்காரர், அவர் கவுன்சிலருக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. காத்திருக்கும் காலத்தில் சோஷியல் ஹவுசிங்கைப் பாருங்கள்: மாதம் 1,850 முதல் 22,000 ரேண்ட்வரை வருமானம் உள்ளவர்களுக்கு வாடகைக்கு. சொந்தமாகாது, ஆனால் பூட்டும் கதவும் முறையான ஒப்பந்தமும் கிடைக்கும்.

வீடு கிடைத்தே விட்டது என்றால் அவசரப்படக் கூடாத நாள் சாவி வாங்கும் நாள்தான். 40 சதுர மீட்டர், இரண்டு படுக்கையறை, கழிப்பறையும் ஷவரும் கைகழுவும் தொட்டியும் உள்ள குளியலறை, சமையலோடு சேர்ந்த கூடம், ‘ரெடி போர்டு’ (பிளக்கும் சுவிட்சும் பொருத்திய மின்பலகை) மின் இணைப்பு. இவை அத்தனையும் இருக்க வேண்டும். கையில் ஒரு வாளி, ஒரு போன் சார்ஜர், ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். கழிப்பறையை மூன்று தடவை ஃபிளஷ் செய்துவிட்டு, பின்னால் தரையோடு சேரும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் என்றால் மூட்டு சரியாக உட்காரவில்லை. வாளித் தண்ணீரை ஷவர் தரையில் ஊற்றினால் அது குழியை நோக்கி ஓட வேண்டும், கதவை நோக்கி வரக் கூடாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் விரிசல் தெரியும். ஒவ்வொரு பூட்டையும் உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள்.

அங்கே ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், ‘ஹேப்பி லெட்டர்’ என்று பெயர். வீடு திருப்தி என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது அது, காண்ட்ராக்டரின் பணம் நகர்வதும் அதன் மேல்தான். குறை இருந்தால் அந்தக் காகிதத்திலேயே ஒவ்வொன்றாக எழுதி, படம் எடுத்துக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுத இடம் விடவில்லை என்றால் பின்பக்கத்தில் எழுதுங்கள். வீட்டுக் கட்டுமானக் கவுன்சிலின் விதிப்படி சின்னக் குறைகளுக்கு மூன்று மாதம், கூரை ஒழுகலுக்கு ஒரு வருடம், அடித்தளம் சுவர் போன்ற பெரிய குறைகளுக்கு ஐந்து வருடம் கட்டியவர் பொறுப்பு. குடிபுகுந்த தேதியிலிருந்து கணக்கு. டர்பன் மழையில் ஒழுகல் தெரியவரும் அன்றே கட்டியவருக்கு எழுத்தில் அனுப்பி, நகலை ஹேப்பி லெட்டர் நகலோடு சேர்த்து வையுங்கள். வீட்டுப் பத்திரம் வந்துவிட்டதா என்று வருடம் ஒரு முறை போய்க் கேளுங்கள். எட்டு வருடம் ஆகும்வரை, மாகாணத் துறைக்கே முதலில் கொடுக்க முன்வராமல் அந்த வீட்டை யாருக்கும் விற்க முடியாது. அதற்குள் கையெழுத்துப் போட்டுப் பணம் தருகிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.